கதவில் ஒட்டும் அறிவிப்பு: இணைய வங்கிச் சேவை தடைபடும்போது திரை சொல்ல வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன்பு, மும்பை மாட்டுங்காவில் நாங்கள் பணியாற்றிய கிளையில் ஒரு திங்கட்கிழமை காலை. கதவு திறக்கும் முன்பே பெரியவர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். பேத்தியின் கல்லூரிக் கட்டணமான ரூ.18,500-ஐ முந்தைய நாள் இரவு இணைய வங்கி வழியாகச் செலுத்த முயன்றிருக்கிறார். தொகையை இட்டு ஓடிபி எண்ணைத் தட்டிய பின், திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் கழித்து, வெள்ளைப் பக்கமொன்றில் 504 என்னும் எண்ணும் அதன்கீழ் ஓர் ஆங்கில வரியும் தோன்றின. வேறொன்றும் இல்லை. கட்டணம் செலுத்த அன்றே கடைசி நாள் என்பதால் மீண்டும் முயன்றார். அதே பக்கம் மறுபடியும் வந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. தேடுபொறியில் வங்கியின் பெயரையும் 'வாடிக்கையாளர் சேவை' என்பதையும் தட்டி, முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்திருக்கிறார். மறுமுனையில் பேசியவர், கைபேசித் திரையைத் தொலைவிலிருந்து காண உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாகப் பேத்தி அருகில் இருந்ததால் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"பணம் போச்சா, இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க சார்" என்றார் அவர்.

கணக்கைப் பார்த்தோம். இரண்டு முறையும் பணம் கழிக்கப்பட்டு, இரண்டு முறையும் கல்லூரியின் கணக்கில் வரவாகியிருந்தது. பரிவர்த்தனைகள் வெற்றி பெற்றிருந்தன. வெற்றி என்ற செய்தி மட்டும் திரைக்கு வந்து சேரவில்லை. கூடுதலாகச் சென்ற தொகையைக் கல்லூரி அலுவலகத்திலிருந்து திரும்பப் பெற அவருக்கு மூன்று வாரங்கள் ஆயின.

பின்னர், இணையச் சேவையின் பிழைப் பக்கங்களையும் பராமரிப்புப் பக்கங்களையும் மாற்றி அமைக்கும் குழுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. பொறியாளர்கள் கணினி வேலையைக் கவனித்தார்கள். வணிகவியல் படித்த எங்களிடம் சொற்கள் ஒப்படைக்கப்பட்டன. அப்போது நாங்கள் கற்றவற்றை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொந்த வலைதளம் வழியே பணம் பெறும் பள்ளிகள், சங்கங்கள், கடைகள் ஆகியவற்றுக்கும் இது பயன்படும்.

மூன்று இலக்க எண்களின் பொருள்

நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது உங்கள் உலாவி எங்கள் நுழைவாயில் கணினிக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அது வலைச் சேவையகத்துக்கும், அங்கிருந்து செயலிச் சேவையகத்துக்கும், இறுதியில் கணக்குகள் இருக்கும் கோர் பேங்கிங் அமைப்புக்கும் செல்கிறது. பதில் அதே வழியே திரும்புகிறது. ஒவ்வொரு பதிலுடனும் மூன்று இலக்க எண் ஒன்று வரும். எச்டிடிபி எனப்படும் இணைய விதிமுறை இவ்வெண்களை வகுத்துள்ளது. 2-இல் தொடங்கினால் வெற்றி. 4-இல் தொடங்கினால் கோரிக்கையில் குறை. 5-இல் தொடங்கினால் சேவை வழங்குபவரின் பக்கத்தில் குறை.

பொறியாளருக்கு இவை கோளாறு எங்கே என்று காட்டும் குறிகள். வாடிக்கையாளருக்கோ ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: பணம் நகர்ந்ததா, இல்லையா? அந்த நோக்கில் எண்களைப் பிரித்துப் பார்த்தோம்.

404 என்றால் கேட்ட பக்கமே அங்கு இல்லை. முகவரியைத் தவறாகத் தட்டியிருக்கலாம். பழைய இணைப்பாக இருக்கலாம். அங்கே பணம் நகர வழியில்லை.

503 என்றால் சேவை தற்காலிகமாகக் கிடைக்கவில்லை. திட்டமிட்ட பராமரிப்புக்கு உரிய எண் இதுவே. நுழைவாயிலிலேயே கோரிக்கை திருப்பி அனுப்பப்படுவதால், பராமரிப்பு வேளையில் புதிதாக வரும் கோரிக்கை எதுவும் கணக்கைத் தொடுவதில்லை.

500, 502, 504 ஆகிய மூன்றும் வேறு வகை. உள்ளே சென்ற கோரிக்கை நடுவழியில் முறிந்தால் 500. உள்ளிருந்து வந்த பதில் சரியான பதிலாக இல்லாவிட்டால் 502. குறித்த நேரத்துக்குள் பதிலே வராவிட்டால் 504. இவற்றில் பணம் நகர்ந்திருக்கலாம், நகராமலும் இருக்கலாம். நுழைவாயில் கணினி காத்திருந்து சலித்துவிட்டது. உள்ளே இருக்கும் கணினியோ தன் வேலையை முடித்துவிட்டிருக்கக்கூடும். பெரியவருக்கு நேர்ந்தது இதுதான்.

'மீண்டும் முயலவும்' என்னும் ஆபத்தான அறிவுரை

எங்களுடைய முதல் வரைவில் எல்லாப் பிழைகளுக்கும் ஒரே வாசகம் இருந்தது: 'தவிர்க்க இயலாத காரணத்தால் சேவை தடைபட்டுள்ளது. இடையூறுக்கு வருந்துகிறோம். சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்.' பார்வைக்குப் பண்பான வாசகம். ஆயினும், 504 பக்கத்தில் 'மீண்டும் முயலவும்' என்று எழுதுவது, பணத்தை இரண்டாம் முறை அனுப்புமாறு நாங்களே தூண்டுவதற்கு ஒப்பாகும்.

எனவே, பணம் நகர்ந்திருக்க வாய்ப்பில்லாத பக்கங்களுக்கு ஒரு வாசகமும், ஐயத்துக்கு இடமுள்ள பக்கங்களுக்கு வேறொரு வாசகமும் எழுதினோம். இரண்டாவது வாசகம் இவ்வாறு அமைந்தது:

'உங்கள் கோரிக்கைக்கு உரிய நேரத்தில் பதில் வரவில்லை. பணம் அனுப்பியிருந்தால், அது உங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருக்கலாம், கழிக்கப்படாமலும் இருக்கலாம். அதே தொகையை உடனே மீண்டும் அனுப்ப வேண்டாம். முதலில் கணக்கு விவரத்தைப் பாருங்கள். தெளிவு கிடைக்காவிட்டால் டெபிட் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்து, கீழ்க்காணும் குறிப்பு எண்ணைத் தெரிவியுங்கள்.'

'கழிக்கப்பட்டிருக்கலாம்' என்னும் சொல் வாடிக்கையாளரை அஞ்சச் செய்யும் என்று குழுவில் சிலர் மறுத்தனர். அச்சம் ஏற்கெனவே இருக்கிறது, உண்மையைச் சொன்னால்தான் அது குறையும் என்று நாங்கள் வாதிட்டோம். மாட்டுங்காவில் நடந்ததை எடுத்துரைத்த பின் அந்த வாசகம் ஏற்கப்பட்டது. குறிப்பு எண்ணும் நேரமும் பக்கத்தில் இருந்தால், அழைப்பை ஏற்கும் ஊழியர் அந்தக் கோரிக்கை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பதிவேடுகளில் தேடிக் கண்டறியலாம்.

அறிவிப்பைக் கதவுக்கு வெளியே ஒட்ட வேண்டும்

கிளைகளில் தொலைத்தொடர்பு இணைப்பு அடிக்கடி அறுந்துபோன காலத்தில், 'இணைப்பு இல்லை. பணப் பரிவர்த்தனை நடைபெறாது' என்று தாளில் எழுதி வாசல் கதவில் ஒட்டுவோம். அந்தத் தாளைப் பூட்டிய அறைக்குள் ஒட்டினால் யாருக்குப் பயன்? இணையத்தில் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது. பராமரிப்புப் பக்கத்தை அதே செயலிச் சேவையகத்தில் வைத்திருப்பார்கள். சேவையகம் நிற்கும்போது அறிவிப்பும் சேர்ந்தே நின்றுவிடும்.

ஆகவே, இப்பக்கம் நுழைவாயில் கணினியிலோ தனிச் சேவையகத்திலோ இருக்க வேண்டும். தரவுத்தளத்தைத் தொடக்கூடாது. உள்நுழைவு கேட்கக்கூடாது. எழுத்துருவையோ படத்தையோ நின்றுபோன சேவையகத்திலிருந்து எடுத்துவரக்கூடாது. எங்கள் பக்கம் சில கிலோபைட் அளவே உள்ள எளிய கோப்பு. வண்ணமும் வடிவமும் அந்தக் கோப்புக்குள்ளேயே அடங்கியுள்ளன. வேகம் குறைந்த இணைப்பிலும் அது உடனே திறக்கும்.

செய்தியைப் படமாக வைக்காமல் எழுத்தாகவே வைத்தோம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்தைப் படிக்கும்; படத்தினுள் இருக்கும் எழுத்தைப் பல வேளைகளில் படிக்காது. ஆங்கிலம், இந்தி ஆகியவற்றுடன் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மாநில மொழியிலும் செய்தி தோன்றுமாறு செய்தோம். பண விஷயத்தில் கலங்கி நிற்பவருக்கு அவருடைய மொழியே முதல் ஆறுதல்.

மென்பொருளுடன் இயல்பாக வரும் பிழைப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதில் பாதுகாப்புக் குறையும் உண்டு. சேவையக மென்பொருளின் பெயர், பதிப்பு எண், சில வேளைகளில் நிரல் வரிகள், தரவுத்தள அட்டவணையின் பெயர் ஆகியவைகூட அதில் வெளிப்பட்டுவிடும். அந்தப் பதிப்பில் என்னென்ன ஓட்டைகள் உள்ளன என்று தேடுபவருக்கு அது வழிகாட்டிப் பலகையாகிவிடும். பிழையின் முழு விவரம் எங்கள் பதிவேட்டுக்குச் செல்ல வேண்டும். திரைக்குக் குறிப்பு எண் மட்டும் போதும்.

இயந்திரங்களும் படிக்கின்றன

பராமரிப்புப் பக்கத்தை மனிதர் மட்டும் பார்ப்பதில்லை. தேடுபொறிகளும், வணிகர்களின் மென்பொருள்களும் அதைக் கேட்டுப் பெறுகின்றன. மனிதர் சொற்களைப் படிக்கிறார். இயந்திரம் எண்ணைப் படிக்கிறது. இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

அழகிய பராமரிப்புப் பக்கத்தை உருவாக்கிவிட்டு, அதை 200 என்னும் வெற்றி எண்ணுடன் அனுப்புவது பரவலாகக் காணப்படும் பிழை. அப்போது தேடுபொறி, 'சேவை இல்லை' என்பதையே அத்தளத்தின் நிலையான உள்ளடக்கமாகக் கருதிப் பதிந்துகொள்ளக்கூடும். 503 அனுப்பினால் இது தற்காலிகம் என்று புரிந்துகொண்டு பிறகு வரும். 'ரீட்ரை ஆஃப்டர்' என்னும் தலைப்புக் குறிப்பைச் சேர்த்தால், எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதையும் சொல்லிவிடலாம்.

பணம் சார்ந்த சேவைகளில் இது இன்னும் கடுமையானது. ஒரு கடையின் மென்பொருள் எங்கள் சேவையிடம், 'பணம் வந்ததா?' என்று கேட்கிறது எனக் கொள்வோம். நாங்கள் பராமரிப்புப் பக்கத்தை வெற்றி எண்ணுடன் அனுப்பினால், சரியாக எழுதப்படாத மென்பொருள் அதை 'வந்தது' என்று எடுத்துக்கொண்டு சரக்கை அனுப்பிவிடலாம். ஆகவே, மென்பொருள்களின் கேள்விகளுக்கு அவை புரிந்துகொள்ளும் வடிவில், 503 எண்ணுடன் சுருக்கமான தனிப் பதிலை அனுப்புகிறோம்.

மற்றொன்று, பழைய பக்கம் தங்கிவிடுவது. வேகத்துக்காக உலாவியும் இடைநிலைக் கணினிகளும் பக்கங்களைச் சேமித்து வைக்கும். பராமரிப்புப் பக்கத்தைச் சேமிக்க வேண்டாம் என்னும் குறிப்பு இல்லாவிட்டால், சேவை மீண்ட பின்னரும் சிலருக்கு 'சேவை இல்லை' என்றே காட்டும்.

சனி இரவு 12.30 என்பது எந்த நாள்?

முன்பு வங்கிக்கு மூடும் நேரம் ஒன்று இருந்தது. அதன்பின் கணினிகளைப் பழுதுபார்க்க இரவு முழுவதும் கிடைத்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவையும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் சேவையும் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. யுபிஐ சேவைக்கு இரவும் பகலும் ஒன்றே. ஆயினும், பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவவும், தரவுத்தளத்தைப் புதுப்பிக்கவும், பேரிடர் மீட்பு ஒத்திகை நடத்தவும் சில மணி நேரம் தேவைப்படுகிறது. பயன்பாடு குறைவாக இருக்கும் பின்னிரவைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். அப்போதும் உள்ளே நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனைகள் முடியட்டும் என்று, சில நிமிடங்கள் முன்னதாகவே புதிய உள்நுழைவுகளை நிறுத்திவிடுகிறோம்.

நேரத்தை எழுதுவதிலும் பாடம் கற்றோம். 'சனிக்கிழமை இரவு 12.30' என்று ஒருமுறை அறிவித்தோம். சிலர் அதை வெள்ளி கழிந்து சனி பிறக்கும் நேரம் என்றும், சிலர் சனி கழிந்து ஞாயிறு பிறக்கும் நேரம் என்றும் கொண்டனர். இப்போது தேதி, கிழமை, 'அதிகாலை', தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகிய அனைத்தையும் எழுதுகிறோம். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உள்ள வாடிக்கையாளர்களுக்காக 'இந்திய நேரம்' என்பதையும் சேர்க்கிறோம். குறித்த நேரத்துக்குள் பணி முடியாவிட்டால் பக்கத்தில் உள்ள நேரத்தைத் திருத்தியாக வேண்டும். காலை 3.30-க்குச் சேவை திரும்பும் என்று 5 மணிக்கும் காட்டும் பக்கத்தை அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

சேவை நின்றிருக்கும்போது எவை இயங்குகின்றன என்பதையும் பக்கம் சொல்ல வேண்டும். இணைய வங்கி மட்டும் நின்று ஏடிஎம்கள் இயங்கினால், அந்த ஒரு வரி மருத்துவமனை வாசலில் நிற்பவருக்குப் பேருதவியாகும்.

சொந்த வலைதளம் நடத்துவோருக்கு

பள்ளி, குடியிருப்போர் சங்கம், சிறு நிறுவனம் ஆகியவற்றின் வலைதளங்களிலும் இந்த ஏற்பாட்டைப் பெரிய செலவின்றிச் செய்யலாம். அப்பாச்சி சேவையகத்தில் 'எரர் டாக்குமென்ட்' என்னும் கட்டளையும், என்ஜின்எக்ஸ் சேவையகத்தில் 'எரர் பேஜ்' என்னும் கட்டளையும் இதற்கென்றே உள்ளன. எந்த எண்ணுக்கு எந்தக் கோப்பு என்று அதில் குறித்தால் போதும். தளத்தை அமைத்துத் தந்தவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. 404, 500, 502, 503, 504 ஆகியவற்றுக்குத் தனிப் பக்கங்கள் உள்ளனவா?

2. தளத்தின் மென்பொருளும் தரவுத்தளமும் நின்றாலும் அப்பக்கங்கள் தோன்றுமா?

3. பக்கத்துடன் சரியான எண்தான் செல்கிறதா, அல்லது எல்லாவற்றுக்கும் 200 செல்கிறதா?

4. கட்டணம் செலுத்தும் இடத்தில் பிழை நேர்ந்தால், 'மீண்டும் செலுத்தும் முன் கணக்கைச் சரிபாருங்கள்' என்னும் வரி இருக்கிறதா?

5. தொடர்பு எண் இருக்கிறதா? அந்த எண்ணை அந்நேரத்தில் யாரேனும் எடுப்பார்களா?

எல்லாம் முடிந்த பின், அமைதியான ஒரு நாளில் சேவையைச் சில நிமிடம் நிறுத்தி, பக்கம் தோன்றுகிறதா என்று கைபேசியிலும் கணினியிலும் பாருங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் புரியாத குறிகளே தோன்றின. கோப்பின் எழுத்துக் குறியீட்டு முறை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. உண்மையான தடங்கலின்போது அதைக் கண்டறிந்திருந்தால் பயனில்லை.

வாடிக்கையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

பணம் அனுப்பும்போது பிழைப் பக்கம் தோன்றினால், முதலில் குறுஞ்செய்தியையும் கணக்கு விவரத்தையும் பாருங்கள். அதன்பிறகே மறுமுயற்சியைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

பணம் கழிக்கப்பட்டும் உரியவருக்குச் சேரவில்லை என்றால், இந்திய ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை உங்களுக்குத் துணை நிற்கிறது. யுபிஐ அல்லது ஐஎம்பிஎஸ் வழியாக ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருடைய கணக்கில் வரவாகாவிட்டால், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். யுபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்திய தொகைக்கு 5 நாள் வரை அவகாசம் உண்டு. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு, அதைக் கேட்காமலேயே வழங்க வேண்டும் என்பது விதி.

இவ்விதி தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்கே பொருந்தும். இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் சேர்ந்துவிட்ட பணம் தோல்வியுற்ற பரிவர்த்தனை ஆகாது. அதைப் பெற்றவரிடம்தான் கேட்டுப் பெற வேண்டும். பெரியவர் மூன்று வாரம் அலைந்ததற்கு இதுவே காரணம்.

உண்மையான பராமரிப்புப் பக்கம் உங்களிடம் எதையும் கேட்காது. அட்டை எண், கடவுச்சொல், ஓடிபி, கேஒய்சி விவரம் என எதையேனும் நிரப்பச் சொல்லும் 'பராமரிப்புப் பக்கம்' மோசடிப் பக்கமே. முகவரியையும் கவனியுங்கள். இந்திய வங்கிகள் தங்கள் வலைதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கியின் தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ பாருங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தாமதியாமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

எந்தச் சேவையும் ஒருபோதும் நிற்காது என்று உறுதியளிக்க எங்களால் இயலாது. நிற்கும் வேளையில் உங்கள் பணத்தின் நிலை என்ன, சேவை எப்போது திரும்பும், அதுவரை நீங்கள் என்ன செய்யலாம் என்பதை உங்கள் மொழியில் தெரிவிப்பது எங்கள் கடமை. எங்கள் பக்கங்களில் ஏதேனும் வரி புரியாமல் இருந்தால், அதைப் படமெடுத்து உங்கள் கிளை மேலாளரிடம் காட்டுங்கள். அவ்வரியைத் திருத்தி எழுதச் சித்தமாக இருக்கிறோம்.